பாண்டி, கடலூர்த் தொழில்களை இணையத்தில் நேர்மையாக அறிமுகப்படுத்துவது எப்படி?

பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கும் ஒருவர் வியாழக்கிழமை ராத்திரி போனில் தேடி அறை பிடிக்கிறார். வெள்ளி இரவு பஸ் ஏறுகிறார். சனிக்கிழமை விடிகாலை பையும் பிள்ளைகளுமாக விடுதி வாசலில் வந்து நிற்கிறார். புதுச்சேரியில் தங்கும் விடுதி, உணவகம், ஸ்கூட்டர் வாடகை, அலைச்சறுக்குப் பயிற்சி எல்லாவற்றுக்கும் ஆள் வருவது இந்த வழியில்தான். நாம் திரையில் எழுதிய ஒவ்வொரு வரியையும் அவர் சில மணி நேரத்தில் கண்ணால் பார்த்துவிடுவார். கடலூர்ப் பக்கம் ஆள் வருவதைவிடப் பொருள் போவது அதிகம். முந்திரி, கருவாடு, பலாச்சுளை வற்றல் எல்லாம் பார்சலில் போகின்றன. அங்கே பெட்டியைப் பிரிக்கும் நேரத்தில் நம் வார்த்தை சோதனைக்கு வருகிறது.

சொந்தக் கடையை இணையத்தில் கொண்டுபோக நினைப்பவர்களுக்கும், படிப்பு முடித்துவிட்டு இதையே தொழிலாகச் செய்யத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வாசலில் நிற்கும் ஆளின் முகத்தைப் பார்த்து இதே வரியைச் சொல்ல முடியுமா? முடியாது என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

முதலில் இடத்தைப் போய்ப் பாருங்கள்

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் நோட்டும் பேனாவுமாக இடத்துக்குப் போங்கள். விடுதி என்றால் பஸ் ஸ்டாண்டிலிருந்து எவ்வளவு தூரம், ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்கிறார்கள், எத்தனை மாடி ஏற வேண்டும், லிஃப்ட் உண்டா, வெந்நீர் கீசரா சோலாரா, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசியும் ஓடுமா, கார் எங்கே நிறுத்துவது என்று ஒன்று விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் கல்யாண மண்டபம் இருந்தால் அதையும் எழுதுங்கள். விருந்தினர் போனில் கேட்கப்போகும் கேள்விகள் இவைதான். உங்கள் இணையதளத்தின் பாதி இந்த நோட்டிலேயே தயாராகிவிடும்.

பாண்டியில் அதிகம் புழங்கும் பொய் 'ஒயிட் டவுன்' என்ற இரண்டு சொல்தான். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடற்கரை வரைக்கும் இருக்கும் தெருக்களுக்குத்தான் அந்தப் பெயர். லாஸ்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் இருக்கும் விடுதிகள்கூட அந்தப் பெயரைப் போட்டுக்கொள்கின்றன. முத்தியால்பேட்டையில் தன் வீட்டு மாடியை விடுதியாக்கிய ஓர் அக்காவிடம் இதைப் பற்றிப் பேசியபோது அவர் கேட்டார்: "எல்லாரும் ஒயிட் டவுன்னுதானே தம்பி போடறாங்க? நான் மட்டும் முத்தியால்பேட்டைன்னு போட்டா யாரு வருவா?"

நியாயமான கேள்வி. அவருடைய பழைய வரி இப்படி இருந்தது: 'ஒயிட் டவுனின் மையத்தில் கடல் பார்த்த சொகுசு அறைகள். பீச் நடந்துபோகும் தூரம்.' உட்கார்ந்து மாற்றி எழுதினோம்:

'முத்தியால்பேட்டையில் ஒரு குடும்பம் நடத்தும் நான்கு அறைகள். பீச் ரோட்டுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். மொட்டை மாடியில் ஏறினால் தூரத்தில் கடல் தெரியும், அறையிலிருந்து தெரியாது. காலை டிபன் வீட்டிலேயே செய்கிறோம். வாசலில் இரண்டு கார் நிறுத்தலாம். லிஃப்ட் கிடையாது.'

கார் வைத்துக்கொண்டு பெற்றோரோடு வரும் குடும்பங்கள் தேடுவதே இப்படி ஓர் இடத்தைத்தான். ஒயிட் டவுனில் சனி ஞாயிறுகளில் கார் நிறுத்துவது பெரும்பாடு. அந்தச் சங்கடம் இங்கே இல்லை என்பது பெரிய வசதி. ஒயிட் டவுன் என்ற பொய்க்குள் அந்த வசதி மறைந்து கிடந்தது. முழங்கால் வலிக்காரர்கள் 'லிஃப்ட் கிடையாது' என்ற வரியைப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடுவார்கள். தேடட்டும். மூன்றாவது மாடிக்கு ஏற முடியாமல் வாசலில் நின்று சண்டை போடும் விருந்தினரால் நமக்கும் அவருக்கும் என்ன லாபம்?

கடற்கரையை ஒட்டிய விடுதிகளுக்கு இன்னொரு கடமை உண்டு. இந்தக் கரையில் அலையின் இழுப்பு கடுமையானது. செரினிட்டி பீச்சானாலும் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையானாலும், விளம்பரப் படத்தில் நீலக்கடலைக் காட்டுகிறவர் அதே பக்கத்தில், கண்ணில் படுகிற எழுத்தில், எங்கே இறங்கக்கூடாது, எந்த மாதங்களில் கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்று எழுத வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களுக்கான முன்பதிவுப் பக்கத்தில் வெயில் காலப் படத்தை மட்டும் போட்டு ஆளைக் கூப்பிடாதீர்கள்.

மேப்பில் பெயரும் புள்ளியும்

அடுத்து கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல். காசு கிடையாது, சின்னக் கடைக்கு இணையதளத்தைவிட இதுதான் முதலில் ஆளைக் கொண்டுவரும். பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதே பெயரைப் போட வேண்டும் என்பது கூகுளின் விதி. 'ஸ்ரீ லட்சுமி லாட்ஜ்' என்று பலகையில் இருந்தால், மேப்பில் 'ஸ்ரீ லட்சுமி லாட்ஜ், பாண்டிச்சேரியில் சிறந்த மலிவான பீச் ஹோட்டல்' என்று நீட்டக்கூடாது. புகார் போனால் பெயரை வெட்டுவார்கள், கணக்கையே முடக்கவும் செய்வார்கள். முடங்கிய கணக்கை மீட்க ஓடும் நாட்களில் போன் அடிக்காது.

புள்ளியையும் வாசலின் மேலேயே வையுங்கள். பீச் ரோட்டில் புள்ளியைக் குத்திவிட்டுக் கூட்டம் வரும் என்று நினைப்பவர்கள், ராத்திரி பதினொரு மணிக்கு ஆட்டோவில் சுற்றிச் சுற்றித் தேடும் குடும்பத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். திறக்கும் நேரம், விடுமுறை, பொங்கலுக்கு மூடும் நாள் எல்லாவற்றையும் அவ்வப்போது திருத்துங்கள்.

முந்திரி, தேன், மண்பாண்டம் விற்பவர்களுக்கு

பண்ருட்டி முந்திரிக்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குள் ஒரு சிக்கலும் இருக்கிறது. இங்கே உடைக்கப்படும் கொட்டை எல்லாம் இங்கே விளைந்தது அல்ல. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொட்டையை இறக்குமதி செய்து இங்கே வறுத்து, உடைத்து, தோலெடுத்துத் தரம் பிரிப்பதும் நடக்கிறது. அதில் குற்றம் எதுவும் இல்லை, எத்தனையோ பெண்களுக்கு அது பிழைப்பு. ஆனால் அந்தப் பருப்பை 'எங்கள் செம்மண் தோப்பில் விளைந்தது' என்று இணையத்தில் விற்பது பொய். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. அதன்பின் மறுபடி கன்று நட்டுக் காத்திருந்த விவசாயி பக்கத்தில் இருக்கிறார். அவருடைய பெயரை எடுத்து வேறு கொட்டைக்கு ஒட்டுவது அவருடைய விலையில் கை வைப்பதுதான்.

எழுதுவது எளிது. உள்ளூர்க் கொட்டை என்றால் எந்த ஊர்த் தோப்பு, எந்தப் பருவத்து அறுவடை என்று எழுதுங்கள். வெளிநாட்டுக் கொட்டை என்றால் 'பண்ருட்டியில் உடைத்துத் தரம் பிரித்த பருப்பு' என்று எழுதி, கொட்டை வந்த நாட்டையும் சொல்லுங்கள்.

தரத்தையும் மறைக்காதீர்கள். டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்பவை ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்பதைக் குறிக்கும் தரங்கள். எண் ஏற ஏறப் பருப்பு சிறிசு. படத்தில் 180ஐக் காட்டிவிட்டு 320ஐ அனுப்புவதும், முழுப்பருப்புக்கு நடுவே உடைசலைக் கலந்து நிரப்புவதும் வாங்குகிறவருக்குப் பெட்டி பிரித்த நொடியில் தெரிந்துவிடும். எந்தத் தரமோ அதையே ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டி, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படமெடுங்கள். அளவு தானாகவே புரியும். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. உணவுப்பொருள் என்றால், மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண்ணையும் பக்கத்தில் போடுங்கள்.

சொற்களில் கவனம் தேவை. 'ஆர்கானிக்' என்ற சொல்லுக்கு இந்தியாவில் சான்றிதழ் முறை இருக்கிறது: மத்திய அரசின் என்பிஓபி, அல்லது விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து பெறும் பிஜிஎஸ் இந்தியா. சான்று இல்லாமல் அந்தச் சொல்லைப் போடாமல், 'ரசாயன உரம் போடவில்லை, சான்றிதழ் வாங்கவில்லை' என்று உள்ளதைச் சொல்லுங்கள், படிக்கிறவர்களுக்குப் புரியும். 'இயற்கையான', 'தூய', 'பாரம்பரிய' போன்ற சொற்களுக்கும் 2018ஆம் ஆண்டின் உணவு விளம்பர விதிகளில் வரையறை உண்டு. '100 சதவீதம்' என்று போடுவதைத் தவிர்க்கும்படி 2025 மே மாதத்தில் எஃப்எஸ்எஸ்ஏஐ அறிவுறுத்தியது. பசுமை, சூழலுக்கு உகந்தது என்றெல்லாம் சும்மா சொல்லிக்கொள்வதைத் தடுக்க 2024 அக்டோபரில் தனி வழிகாட்டு நெறிகளே வந்துவிட்டன.

வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. வேறெங்கோ அச்சில் வார்த்த பொம்மைக்கு அந்தப் பெயர்களைச் சூட்டுவது சட்டப்படியும் தப்பு. ஆரோவில் பெயரும் அப்படித்தான்: ஆரோவில்லில் செய்யாத ஊதுபத்திக்கும் சோப்புக்கும் அந்த ஊரின் பெயரை ஒட்டாதீர்கள்.

படங்கள்

உங்கள் அறையை நீங்களே எடுங்கள். பகல் வெளிச்சத்தில், கண் உயரத்தில், ஒரு படத்தில் கட்டிலும் கதவும் சேர்ந்து தெரியும்படி. அகலக்கோண லென்ஸில் எட்டடி அறை கல்யாண மண்டபம் போலத் தெரியும், வேண்டாம். கழிவறைப் படம் கட்டாயம் வேண்டும். அது இல்லாத விடுதியைக் குடும்பப் பெண்கள் நம்புவதில்லை.

கூகுளில் கிடைத்த படத்தை எடுத்துப் போடுவது திருட்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அதற்கும் பொருந்தும். அதைவிட மனதை உறுத்துவது வேறொன்று. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மாக்களையும், வலை பின்னும் தாத்தாக்களையும் ஒளிந்து நின்று படமெடுத்து, 'உண்மையான பாண்டி' என்று உணவகப் பக்கத்தில் போடுகிறார்கள். அந்த அம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும். "அக்கா, ஒரு ஓட்டலோட விளம்பரத்துக்குப் போடப் போறேன், பரவாயில்லையா?" என்று எதற்கு என்பதையும் சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் கேமராவைக் கீழே இறக்குங்கள். சம்மதித்தால் அவருக்கும் ஏதாவது கொடுங்கள், படத்தையும் அவர் போனுக்கு அனுப்புங்கள்.

இணையதளமும் தேடலும்

டொமைன், அதாவது இணையதளத்தின் முகவரிப் பெயர், கடைக்காரர் பெயரிலும் அவர் மின்னஞ்சலிலும் பதிவாக வேண்டும். முகவரி, போன் எண், புகார் கேட்கும் ஆளின் பெயர் மூன்றும் வெளிப்படையாக இருக்க வேண்டும். பக்கம் மொபைலில் சட்டென்று திறக்க வேண்டும்; கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற கருவியில் இலவசமாகச் சோதிக்கலாம். உங்கள் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலை முதல் நாளே இணைத்துவிடுங்கள். தமிழில் ஒரு பக்கமாவது வையுங்கள். சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருகிறவர்கள் தமிழில்தான் தேடுகிறார்கள்.

இதற்குமேல்தான் குறுக்கு வழிகள் கண்சிமிட்டத் தொடங்கும். 'நெல்லிக்குப்பத்தில் சிறந்த ஏசி மெக்கானிக்', 'வடலூரில் சிறந்த ஏசி மெக்கானிக்' என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் பக்கம் பக்கமாகக் குவிப்பது ஒன்று. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்துவைப்பது இன்னொன்று. இவை கூகுளின் ஸ்பாம் கொள்கையில் நெடுநாளாகத் தடைசெய்யப்பட்டவை. யாருக்கும் பயன்படாத பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வதையும், அதை மனிதர் செய்தாலும் எந்திரம் செய்தாலும், 2024 மார்ச்சில் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அந்த ஏசி மெக்கானிக் உண்மையிலேயே வடலூருக்குப் போய் வேலை செய்கிறார் என்றால் அங்கே என்ன வேலை செய்தார், போக வர என்ன கட்டணம் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அது நேர்மையான பக்கம், தேடுகிறவருக்கும் உதவும்.

இணைப்புகளை விலைக்கு வாங்குவது மூன்றாவது. மற்ற தளங்கள் நம் தளத்தைச் சுட்டுவதைக் கூகுள் நற்சான்றாக எடுத்துக்கொள்கிறது. காசுக்கு வாங்கிய சான்று பொய்ச்சான்று. 2012 ஏப்ரலில் தேடல் வரிசைமுறையில் கூகுள் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தபோது அப்படி வாங்கிக் குவித்த தளங்கள் தேடல் முடிவுகளில் சரிந்தன. அதே ஆண்டு ஜனவரியில், காசு கொடுத்து எழுதவைத்த பதிவுகளில் விளம்பரம் என்று குறிக்காத இணைப்பு இருந்ததற்காகக் கூகுள் தன்னுடைய குரோம் பக்கத்தையே தேடலில் கீழே இறக்கியது. விளம்பரத்துக்காக இணைப்புக் கொடுத்தால் அதில் 'ஸ்பான்சர்டு' என்ற குறியீட்டைச் சேர்க்க வேண்டும். 2019 முதல் அதற்கென்றே தனிக் குறியீடு இருக்கிறது.

நல்ல இணைப்பு எப்படிக் கிடைக்கும்? பிறருக்கு உபயோகமாக எதையாவது எழுதுங்கள். பிச்சாவரத்துக்குக் கடலூரிலிருந்து பஸ்ஸில் போவது எப்படி, சிதம்பரத்தில் எங்கே மாற வேண்டும், படகுக்கு எந்த நேரத்தில் கூட்டம் குறைவு, சக்கர நாற்காலியில் வருபவருக்கு வழி உண்டா என்று ஒரு விடுதி தன் பக்கத்தில் எழுதட்டும். பயணம் பற்றி எழுதுகிறவர்கள் தாங்களாகவே சுட்டுவார்கள். நாள் பிடிக்கும், பிடிக்கட்டும்.

ரிவ்யூ

புதிதாகக் கடையை மேப்பில் ஏற்றியவுடன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும்: 'சார், ஐந்து ஸ்டார் ரிவ்யூ, லோக்கல் ஐடி, ட்ராப் ஆனால் ரீஃபில்.' அதாவது காசுக்குப் போலி ரிவ்யூ, அழிந்தால் புதிதாகப் போட்டுத் தருவார்கள். பலரும் முதலில் சறுக்குவது இங்கேதான். பக்கத்துக் கடைக்கு நூற்றுக்கணக்கில் ரிவ்யூ இருக்க, நமக்கு நாலைந்து இருந்தால் மனம் அலைபாயும்.

வாங்காதீர்கள். அந்த ரிவ்யூக்களைப் படித்துப் பார்த்தாலே தெரியும். பாண்டிக்கே வராதவர் எழுதியது 'நைஸ் பிளேஸ், குட் சர்வீஸ்' என்று நிற்கும். வந்து தங்கியவர் எழுதினால் அதில் பொங்கல் இருக்கும், வாட்ச்மேன் தாத்தா இருப்பார், ஓட்டை ஃபிளஷ் டேங்க் இருக்கும். போலி என்று கண்டுபிடித்தால் கூகுள் அவற்றை நீக்கும். சில காலத்துக்குப் புதிய ரிவ்யூவே வராமல் தடுக்கும். அந்தக் கணக்கில் எச்சரிக்கையும் காட்டும். வியாபாரி தானே வாடிக்கையாளர் போல நடித்து ரிவ்யூ எழுதக்கூடாது என்று மின்வணிக விதிகளிலும் இருக்கிறது. இணைய ரிவ்யூக்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐஎஸ் 19000:2022 என்ற தரநிலையை 2022 நவம்பரில் கொண்டுவந்தது.

'ரிவ்யூ போட்டால் டீ இலவசம்', 'ஐந்து ஸ்டார் போட்டால் பத்து சதவீதத் தள்ளுபடி' என்று கேட்பதும் கூடாது. கூகுள் அதையும் போலியோடுதான் சேர்க்கிறது. முதலில் 'பிடித்ததா?' என்று கேட்டு, பிடித்தவர்களை மட்டும் ரிவ்யூ பக்கத்துக்கு அனுப்பி, பிடிக்காதவர்களைத் தனிப்பட்ட படிவத்துக்குத் திருப்பிவிடுவது நாகரிகமாகத் தெரியலாம். அதுவும் தடைசெய்யப்பட்டதே.

சரியான வழி எளியது. அறையைக் காலி செய்யும் எல்லாரிடமும், முகம் சுளித்தவரிடமும் சேர்த்தே, ஒரே மாதிரி கேளுங்கள்: "எப்படி இருந்ததோ அப்படியே எழுதுங்க." கவுண்டரில் கியூஆர் அட்டை வையுங்கள். எத்தனை ஸ்டார் என்று பேச்சே எடுக்காதீர்கள்.

மோசமான ரிவ்யூ வந்தால்? ஒரு விடுதிக்கு வந்தது இது: 'காலையில் வெந்நீர் இல்லை. கேட்டால் சோலார், வெயில் ஏறினால் வரும் என்றார்கள். கைக்குழந்தையோடு வந்தோம்.' உரிமையாளர் கொதித்துப்போய் 'பேரம் பேசிப் பாதி விலைக்கு வந்துவிட்டு...' என்று தொடங்கிப் பதில் எழுதி வைத்திருந்தார். அதை அனுப்பாமல் நிறுத்தி இப்படி எழுதினார்: 'நீங்கள் சொன்னது சரி. மேகமூட்டமான நாட்களில் காலை எட்டு மணிக்கு முன் வெந்நீர் வருவதில்லை. இதை அறைக் குறிப்பில் நாங்கள் எழுதியிருக்க வேண்டும், இன்று சேர்த்துவிட்டோம். அதுவரை கேட்பவர்களுக்கு அடுப்பில் காய்ச்சிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம். குழந்தையோடு சிரமப்பட்டதற்கு வருந்துகிறோம்.' அடுத்து அறை தேடுகிறவர் புகாரைவிட இந்தப் பதிலைத்தான் கூர்ந்து படிக்கிறார். அதில் சொன்னபடி வெந்நீரும் காய்ச்சிக் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பொய்யான ரிவ்யூ என்றால் 'இந்தத் தேதியில் இப்படி ஒருவர் எங்களிடம் தங்கியதாகப் பதிவில்லை, தொடர்புகொள்ளுங்கள்' என்று அமைதியாக எழுதிவிட்டு, கூகுளிடம் புகார் செய்யுங்கள். விருந்தினரின் பெயர், அறை எண், யாரோடு வந்தார் என்பதையெல்லாம் பொதுவில் எழுதாதீர்கள். போட்டிக் கடைக்கு ஒரு ஸ்டார் போடும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

விலையும் அவசரமும்

'₹999 முதல்' என்று போட்டால் அந்த விலைக்கு உண்மையில் அறை கிடைக்க வேண்டும். ஜன்னலில்லாத ஓர் அறை, அதுவும் செவ்வாய்க்கிழமை மட்டும் என்றால் அது தூண்டில். 2022 ஜூன் 9இல் வந்த தவறான விளம்பரத் தடுப்பு நெறிகள் தூண்டில் விளம்பரத்துக்கு நிபந்தனை விதித்திருக்கின்றன. பாண்டியில் வெள்ளி முதல் ஞாயிறு வரை விலை ஏறும் என்பது ஊரறிந்தது. இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வரி, கூடுதல் மெத்தை, காலை உணவு எல்லாம் சேர்ந்த தொகையை முதல் பக்கத்திலேயே காட்டுங்கள்.

2023 நவம்பர் 30இல் மத்திய அரசு 'டார்க் பேட்டர்ன்' என்று 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடுத்தது. 'இன்னும் ஒரே அறைதான் மீதி' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கட்டணத்தைக் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது, வேண்டாம் என்பவரைக் கூசவைப்பது, விளம்பரத்தைச் செய்திபோல் காட்டுவது எல்லாம் அதில் உண்டு. தயாராக விற்கும் இணையதள டெம்ப்ளேட்டுகளில் பின்னோக்கி ஓடும் கடிகாரமும், 'சென்னையிலிருந்து ஒருவர் இப்போதுதான் முன்பதிவு செய்தார்' என்று எட்டிப்பார்க்கும் பெட்டியும் ஏற்கெனவே இருக்கும். நீங்கள் வைக்காவிட்டாலும் அது உங்கள் பொய்தான். தேடிப் பிடித்து அணைத்துவிடுங்கள்.

முன்பணத்தைப் பற்றி நம் ஊருக்கென்றே ஒரு சொல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகரம் தண்ணீரில் நின்றது. இந்தக் கரையில் புயல் வருவது புதிதல்ல. அதனால் புயல் எச்சரிக்கை வந்தால் முன்பணத்தைத் திருப்பித் தருவீர்களா, தேதி மாற்றுவீர்களா, எத்தனை நாளில் என்பதை அமைதியான மாதத்திலேயே எழுதி, காசு கட்டும் பக்கத்தில் வையுங்கள். சிவப்பு எச்சரிக்கை இருக்கும் நாளில் 'மழையில் பாண்டி அழகு, சிறப்புத் தள்ளுபடி' என்று விளம்பரம் ஓட்டாதீர்கள். தானாக ஓடும் விளம்பரங்களை அன்று நிறுத்திவையுங்கள். மேப்பிலும் 'தற்காலிகமாக மூடல்' என்று மாற்றுங்கள்.

ரீல்ஸ் போடுகிறவர்கள்

இலவசமாகத் தங்கவைத்தோ சாப்பாடு போட்டோ வீடியோ எடுக்கச் சொன்னால் அது விளம்பரம். காசு கைமாறாவிட்டாலும் விளம்பரம்தான். 2023 ஜனவரியில் வந்த மத்திய அரசு நெறிகளின்படி, அந்தத் தொடர்பை வீடியோவிலேயே, வீடியோ பேசும் மொழியிலேயே தெரிவிக்க வேண்டும். தமிழ் ரீலில் தமிழில் 'விளம்பரம்' என்று திரையில் போடுங்கள். ஹேஷ்டேக் குவியலுக்கு அடியில் புதைக்காதீர்கள். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பரிந்துரைத்தவரை ஓராண்டு வரை விளம்பரம் செய்யவிடாமல் தடுக்கவும் முடியும்.

இன்னதைச் சொல்ல வேண்டும் என்று வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள். சாப்பிட்டவர் மீன் குழம்பில் உப்பு கூடுதல் என்று சொன்னால் சொல்லட்டும்.

பாண்டியில் மதுக்கூட விளம்பர வேலையும் தேடி வரும். வேறு பொருளின் பெயரில் மதுவை விளம்பரம் செய்வது 2022ஆம் ஆண்டு நெறிகளில் தடுக்கப்பட்டிருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் பார்க்கும் ரீலில் மலிவு விலையைக் காட்டி இழுக்கும் வேலையை நான் எடுப்பதில்லை. நீங்களும் எடுக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

போன் எண்கள்

விடுதிப் பதிவேட்டில் இருக்கும் எண்களை அள்ளி வாட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்புவது இங்கே சர்வசாதாரணம். அந்த எண்ணையும் ஆதார் நகலையும் அவர் தங்குவதற்காகக் கொடுத்தார், விளம்பரத்துக்காகக் கொடுக்கவில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது: எதற்கென்று சொல்லி வாங்கினோமோ அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், சம்மதத்தைத் திரும்பப் பெறும் வழியும் வைக்க வேண்டும். பதிவுப் படிவத்தில் 'தள்ளுபடிச் செய்திகள் அனுப்பலாமா?' என்று தனிக் கட்டம் வையுங்கள். கட்டத்தை முன்கூட்டியே டிக் செய்து வைக்காதீர்கள்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். அதைத் தாண்டி அனுப்பித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை வாங்கினால் எண்ணே முடங்கும். எஸ்எம்எஸ் என்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, வணிகச் செய்தி அனுப்புவோர் பதிவு செய்யும் டிஎல்டி தளத்தில் பதிவு செய்த பிறகுதான் அனுப்பலாம். 'போதும்' என்று பதில் போட்டவரை அன்றைக்கே நீக்குங்கள்.

அடுத்தவருக்காக இதைச் செய்யும்போது

கூகுளில் முதலிடம் வாங்கித் தருகிறேன் என்று யாருக்கும் உத்தரவாதம் கொடுக்காதீர்கள். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. என்ன வேலை செய்வீர்கள், எத்தனை மாதம், எவ்வளவு சம்பளம், விளம்பரத்துக்குக் கட்டும் காசு தனியா சேர்த்தா என்பதை ஒரு பக்கத் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரே தெருவில் இரண்டு விடுதிகளுக்கு வேலை செய்வதாக இருந்தால் இருவரிடமும் முன்பே சொல்லுங்கள்.

மாத அறிக்கையில் 'இம்ப்ரெஷன்', அதாவது விளம்பரம் திரையில் எத்தனை தடவை தோன்றியது என்ற எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போட்டு மயக்காதீர்கள். எத்தனை அழைப்பு, எத்தனை பேர் வழி கேட்டார்கள், அதில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கடைக்காரரோடு உட்கார்ந்து ஒத்துப்பாருங்கள். மழை மாதத்தில் குறைந்தால் குறைந்தது என்றே எழுதுங்கள். விளம்பரத்தால் பயனில்லை என்று தெரிந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அவர் கடன் வாங்கிக் கட்டுகிற காசாக இருக்கலாம்.

பொய் எழுதச் சொல்லும் வாடிக்கையாளர் வருவார். முதலில் மாற்று வரியை எழுதிக் காட்டுங்கள், முத்தியால்பேட்டை அக்காவிடம் காட்டியதுபோல. பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அப்படியும் அதேதான் வேண்டும் என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

வேலை முடிந்து பிரியும்போது எதையும் பிணையாகப் பிடித்துவைக்காதீர்கள். டொமைன், ஹோஸ்டிங், இன்ஸ்டாகிராம், விளம்பரக் கணக்கு எல்லாவற்றின் கடவுச்சொற்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் முதன்மை உரிமையாளராகக் கடைக்காரர்தான் இருக்கிறாரா என்று அவர் போனிலேயே திறந்து பார்த்துவிட்டு, மேலாளர் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை நீக்குங்கள். புதுப்பிக்க வேண்டிய தேதிகளை அவர் காலண்டரில் குறித்துக் கொடுங்கள். கடைசியாக, கடவுச்சொற்களை அவரை விட்டே மாற்றச் சொல்லுங்கள்.